நீலகிரியில் பைக் பராமரிப்பு: இறக்கத்திலிருந்து தொடங்குங்கள்

கோத்தகிரிப் பக்கம் புதிதாக வண்டி எடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இழுவையைப் பற்றித்தான். "அண்ணா, ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்குது, என்ன மாத்தலாம்?" நியாயமான கேள்வி, அதற்கும் பின்னால் வருகிறேன். ஆனால் ஏற முடியாத வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடலாம். நிற்காத வண்டியை எங்கே ஓரங்கட்டுவது? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். அதற்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறோம், திரும்பும்போது அத்தனையையும் இறங்குகிறோம். அதனால் மலையில் வண்டி வைத்திருப்பவர் கையில் இருக்கும் முதல் ரூபாயும் முதல் ஞாயிற்றுக்கிழமையும் பிரேக்குக்குத்தான் போக வேண்டும். இந்தக் கட்டுரையையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது கல்லட்டி இறக்கத்தில். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. நான் ஓட்டியது பழையதாக வாங்கிய 150 சிசி வண்டி, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பாதி வளைவுகள் தாண்டியபோது முன் பிரேக் லீவர் கொஞ்சம் மெத்தென்று ஆனது. அடுத்த வளைவில் இன்னும் மெத்தென்று. அதற்கடுத்த வளைவில் லீவர் நேராக வந்து கைப்பிடியில் இடித்தது, முன் சக்கரத்தில் ஒரு பிடியும் இல்லை. இரண்டாம் கியருக்கும் பிறகு முதல் கியருக்கும் இறக்கி, பின் பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, மலைப்பக்கச் சாக்கடையோரம் உரசியபடி நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்து லீவர் ஒன்றுமே நடக்காததுபோலப் பழையபடி கல்லாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால் உள்ளே கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது. எத்தனை வருட ஆயிலோ தெரியாது. வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டியது.

நடந்தது என்னவென்றால், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த பிறகு அது 155 வரை இறங்கிவிடலாம். தொடர் இறக்கத்தில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். லீவரை அழுத்தும்போது அந்தக் குமிழ்கள்தான் நசுங்கும், பிஸ்டன் நகராது. ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகிவிடும், வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று நாமும் நம்பிவிடுவோம். வருடத்தில் பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும் நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா?

தொடங்கும் முன்

சமதளமான இடம் தேடுங்கள். நம் ஊரில் இதுவே பெரிய வேலை. கோயில் முன்வாசல், சிமெண்ட் களம், எது கிடைத்தாலும் சரி. சென்டர் ஸ்டாண்டு போட்டு, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் செங்கல் வையுங்கள். சரிவில் சைடு ஸ்டாண்டு போட வேண்டி வந்தால் வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும், முதல் கியரில் விடுங்கள். முகம் பள்ளத்தைப் பார்த்தால் வண்டி முன்னால் உருண்டு ஸ்டாண்டு மடங்கிவிடும்.

எட்டு முதல் பதினேழு வரை ஸ்பேனர்கள், உங்கள் பின் ஆக்சிலுக்குப் பொருந்தும் பெரிய ரிங் ஸ்பேனர் ஒன்று, காற்று அளக்கும் கேஜ், நைலான் பிரஷ், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும், உள்ளே ஓடுவது தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் ஒரு முழம், பழைய பனியன் துணி. இவ்வளவு போதும். மேனுவலைத் தூக்கிப் போட்டுவிட்டிருந்தால் எப்படியாவது மறுபடி தேடிப் பிடியுங்கள். நான் கீழே சொல்லும் அளவுகள் பொதுவானவை, உங்கள் வண்டிக்கு மேனுவல் சொல்வதே முடிவு.

பிரேக்

முதலில் டிஸ்க். டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும், அதையே வாங்குங்கள். சின்ன பாட்டிலாக, சீல் உடைக்காததாக. போன வருடம் திறந்து வைத்த மிச்சத்தை ஊற்றாதீர்கள், அதுவும் ஈரம் குடித்திருக்கும். டாங்க் மேலே துணி போர்த்திக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும்.

ஹேண்டில்பாரைத் திருப்பி டப்பா மட்டமாக வரும்படி வையுங்கள். மூடியைக் கழற்றுங்கள். கேலிப்பரில் ரப்பர் தொப்பி போட்ட நிப்பிள் ஒன்று இருக்கும். அதில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அந்த பிளாஸ்டிக் ட்யூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பழைய பாட்டிலில் மூழ்க விடுங்கள். இனி இரண்டு பேர் இருந்தால் சுலபம். ஒருவர் லீவரை மூன்று முறை அழுத்தி, நான்காவது முறை அழுத்தியபடியே பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். ட்யூபில் கறுப்பு ஆயில் ஓடும், லீவர் கைப்பிடிக்கு வந்து சேரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போய்விடும். நாலைந்து முறைக்கு ஒருமுறை டப்பாவில் புது ஆயிலை நிரப்புங்கள், அடி தெரிய விடாதீர்கள். ட்யூபில் வருவது தெளிந்து, குமிழ் நின்றால் வேலை முடிந்தது. பட்டறையில் இதை 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது பொதுக்கணக்கு. தினமும் மலை இறங்குபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் செய்வது நல்லது என்பது என் கருத்து. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் லீவர் எவ்வளவு செய்தும் மெத்தென்றே இருந்தால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் மாட்டிய காற்றை எடுக்க அவர்களிடமுள்ள கருவி வேண்டும்.

டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தும் பேடைக் கழற்றாமலேயே டார்ச் அடித்துப் பார்க்கலாம். நடுவிலுள்ள பள்ளக்கோடு மறைந்திருந்தால் மாற்றும் நேரம்.

டிரம் பிரேக்கில் பிரேக் ராடின் பின்முனையில் உள்ள நட்டைத் திருகித்தான் சரிசெய்வது. சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ லேசாக உரசும் சத்தம் கேட்கும்வரை முறுக்கி, பிறகு சத்தம் நிற்கும்வரை தளர்த்துங்கள். பெடலில் 20 முதல் 30 மி.மீ. வரை வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைத்தால் இறக்கம் முழுக்க ஷூ உரசிக்கொண்டே போகும், தேவைப்படும் நேரத்தில் டிரம் ஏற்கனவே சூடாகி இருக்கும். பல வண்டிகளில் டிரம் மூடியில் ஓர் அம்புக்குறியும் ஒரு கோடும் உண்டு. பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ தீர்ந்துவிட்டது. நட்டை இன்னும் முறுக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் சிபிஎஸ் இருக்கும், அதாவது பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். அதில் பின்னால் மட்டும் முறுக்கிவிட்டு விட்டால் இரண்டுக்கும் உள்ள பங்கீடு கெட்டுவிடும். மேனுவலில் உள்ள வரிசைப்படி இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

செயின்

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும். கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் அதோடு விரலும் போகும்.

மண்ணெண்ணெய் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் டீசல் அல்லது செயின் கிளீனர். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் செயினாக இருந்தால் ரப்பரைக் கெடுக்கும், தீ ஆபத்தும் உண்டு. நைலான் பிரஷால் நான்கு பக்கமும் தேய்த்து, துடைத்து, காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ உள்பக்கமாக விடுங்கள். வண்டி ஓட்டிவிட்டு வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது விட்டால் நன்றாக இறங்கும். இரவு விட்டுவிட்டு, காலையில் மிகுதியைத் துடைத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் கேரட் லாரிகள் சாலையில் சிந்திவிட்டுப் போகும் சேறு முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

தொய்வைக் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் அளக்க வேண்டும். விரலால் மேலும் கீழும் ஆட்டினால் சாதாரண வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், மிக இறுக்கமான இடத்தில் அளவை வையுங்கள். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகுங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். செயினின் இரண்டு முனையையும் கிளிப்பால் இணைக்கும் செயின் லாக் போட்ட வண்டியானால் அந்தக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிடுங்கள். பிளந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது தட்டி ஒருநாள் கழன்று விழும்.

புதியவர்கள் மறப்பது இதற்கு அடுத்த படி. செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் இழுத்தீர்கள் அல்லவா? பிரேக் ராடும் அதோடு இழுபட்டு டிரம் இறுகியிருக்கும். பின் பிரேக்கை மறுபடி சரிசெய்து, பெடலை மிதித்தால் மட்டுமே பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். அதன்பிறகுதான் கையைக் கழுவ வேண்டும்.

டயர்

கீழே காற்று அடித்துக்கொண்டு மேலே வருபவர்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையில் கேஜ் சுமார் மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே குளிர். இருபது டிகிரி வெப்பம் குறைந்தால் டயருக்குள் ஏறக்குறைய அதே மூன்று பிஎஸ்ஐ குறையும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அதனால் மேலே வந்ததும் காற்றை இறக்கிவிடும் பழக்கம் தேவையற்றது. மறுநாள் காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். பின்னால் ஆளோ பச்சைத்தேயிலை மூட்டையோ ஏற்றுவதானால் அதற்கென்று தனி அளவு போட்டிருக்கும்.

பழைய வண்டி வாங்கினால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டு 35-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். கட்டை நன்றாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருந்தால் சில்வர் ஓக் இலை நனைந்து கிடக்கும் வளைவிலும், வெயிலே படாமல் பாசி பிடித்த வளைவிலும் அது பிடிக்காது.

இழுவையும் குளிரும்

ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் 14 குதிரைத்திறன் தரும் எஞ்சின் இங்கே 11 பக்கம்தான் தரும். வண்டியில் கோளாறு இல்லை, அது சுவாசிக்கும் காற்று அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் என்பதால் காற்றுக்கு ஏற்ப அதுவே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த அறிவு இல்லை. சமவெளி அளவிலேயே பெட்ரோலை ஊற்றும். பிளக்கைக் கழற்றினால் முனையில் கறுப்பாக, மெத்தென்று கரி படிந்திருக்கும். மைலேஜும் போகும்.

கார்புரேட்டர் வண்டியில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காற்று-பெட்ரோல் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவைத் தொடுங்கள். ஸ்க்ரூ கார்புரேட்டரில் ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். எஞ்சின் பக்கமாக இருந்தால் உள்ளே திருப்பினால் குறையும். இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று முதலில் மெதுவாக உள்ளே இறுக்கி எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு பழைய இடத்துக்கு வந்து, கால் சுற்றாக மாற்றிப் பாருங்கள். ஸ்லோவில் எஞ்சின் அதிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடம்தான் சரியான இடம். ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்தாலும் இதே கரிதான் படியும், ஆகவே அதை முதலில் பாருங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்றலாமா என்றால், வண்டி மலையை விட்டு இறங்காது என்றால் மட்டும். சின்ன ஜெட்டோடு திருப்பூர் வெயிலில் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகும்.

கடைவீதிக்கும் வீட்டுக்குமாக மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளுக்குத் தனி நோய் ஒன்று உண்டு. எஞ்சின் முழுச்சூட்டை எட்டாததால் உள்ளே சேரும் நீராவி வெளியேறாது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர்போல வெளுத்த பிசுக்கு இருக்கும். வாரம் ஒருமுறை குன்னூர் வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள், கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் ஆறு மாதத்தில் ஆயிலை மாற்றுங்கள். டப்பாவில் பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம்.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருக்கிறது, அதுவும் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்கை நிரப்பி வையுங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் தண்ணீர் வேர்ப்பதும் குறையும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடிகால் ஸ்க்ரூ வழியாக வடித்துவிடுங்கள். பேட்டரியை மார்கழிக்கு முன் அளந்து பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிம்மதி, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். உறைபனிக் காலையில் பேட்டரியின் பலம் இன்னும் குறையும்.

கூடுதலாக எதை மாட்டலாம்?

நல்ல டயரும் நல்ல பேடும் மாட்டிய பிறகு மிஞ்சும் பணத்துக்குத்தான் இந்தப் பகுதி.

மேகத்துக்குள் ஓட்ட ஹெட்லைட் டிம்மில்தான் இருக்க வேண்டும், பிரைட் போட்டால் வெண்சுவர்தான் தெரியும். கூடுதல் விளக்கு வேண்டுமென்றால் தாழ்வாகப் பொருத்தி, ஒளி தரையை நோக்கி விழும்படி வையுங்கள். எதிரே ஏறி வருபவரின் கண் உங்கள் விளக்கின் மட்டத்துக்கு வரும் சாலை இது. 20 வாட் எல்இடி இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஹெட்லைட் வயரை வெட்டி ஒட்டாமல், பேட்டரியிலிருந்து ஃப்யூஸும் ரிலேயும் வைத்துத் தனி வயர் இழுங்கள். விளக்குகள் எரியும்போது எஞ்சினை முறுக்கிப் பாருங்கள், பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்கு மேல் நிற்காவிட்டால் உங்கள் வண்டி அந்தச் சுமையைத் தாங்காது.

இழுவைக்கு மலிவான வழி ஸ்ப்ராக்கெட். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் விகிதம் 3. பின்னால் 45 போட்டால் 3.21. முன்னால் 13 போட்டாலும் 3.23, அதாவது முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். ஏற்றத்தில் கியர் மாற்றும் தொல்லை குறையும், இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் கூடும். நேர்ச்சாலையில் வேகமும் மைலேஜும் குறையும். கோத்தகிரி, மஞ்சூர் பக்கமே சுற்றுபவருக்கு இது லாபம். வாரம் தவறாமல் கோவை போகிறவர் இருப்பதையே வைத்துக்கொள்ளட்டும். பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டால் செயினின் நீளம் போதுமா என்று முன்பே எண்ணிக்கொள்ளுங்கள்.

சைலன்சர் மாற்ற வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும், யானையும் காட்டெருமையும் குறுக்கிடும் பாதைகளில் நாம் ஓட்டுகிறோம். அந்தச் சத்தம் இங்கே வேண்டாம்.

இறங்கும் நாள்

கல்லட்டி வழி போவதானால், இறக்கத்துக்கு முன்னால் வரும் தலைகுந்தாவிலேயே ஓரமாக நிறுத்தி இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற எண்ணம் வேண்டாம், கியரில் ஆக்சிலரேட்டரை மூடி இறங்கும்போது பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகள் பெட்ரோலை நிறுத்தியே விடுகின்றன. பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே போகாமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுக்க விடுங்கள், ஆற நேரம் கிடைக்கும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், சட்டப்படியும் முன்னுரிமை அதற்குத்தான்.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. ஆக்சிலரேட்டரை மூடினால் உங்கள் எஞ்சினுக்குப் போகும் ஆயிலும் குறையும். நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு லேசாக முறுக்கிவிடுங்கள். எஞ்சின் பிடிப்பும் அதில் குறைவு என்பதால் பிரேக் இரண்டு மடங்கு நன்றாக இருக்க வேண்டும்.

லீவர் மெத்தென்று ஆனாலோ, கருகிய வாடை வந்தாலோ, அந்த நிமிடமே ஓரங்கட்டி இருபது முப்பது நிமிடம் காத்திருங்கள். மசினகுடி போய்ச் சேர்ந்ததும் டிஸ்க் மேலும் டிரம் மேலும் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பவர்களைப் பார்ப்பீர்கள். ஊற்றாதீர்கள், சூட்டில் திடீரென்று தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிவிடலாம். வண்டியை நிழலில் விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் தானாக ஆறியிருக்கும்.